கையில் கிடைத்த தோட்டா எந்தக் காலத்தது?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிலம் உழும்போதும் ஏரியில் வண்டல் அள்ளும்போதும் அவ்வப்போது ஈயக் குண்டோ பித்தளைக் கூடோ கிடைக்கும். இப்போ மெட்டல் டிடெக்டர் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், தேடிப் போகிறவர்களும் கூடிவிட்டார்கள். கிடைத்ததை போட்டோ எடுத்து அனுப்புகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இது வெள்ளைக்காரன் காலத்துதா சார்?" அதைக் கண்டுபிடிக்கும் வழியை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நுனியில் குண்டு இன்னும் செருகியிருந்தால் அது காலித் தோட்டா இல்லை, உயிருள்ள தோட்டா. எவ்வளவு துருப் பிடித்திருந்தாலும் சரி, அதை எடுக்காதீர்கள், தட்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். அடிப்பகுதியின் நடுவில் சின்ன வட்டம் ஒன்று இருக்கும், அதுதான் பிரைமர். அதில் ஊசி குத்திய பள்ளம் இருந்து, குண்டும் அப்படியே இருந்தால், சுட்டும் வெடிக்காமல் போன தோட்டா என்று அர்த்தம். அது இன்னும் ஆபத்து. இடத்தை அடையாளம் வைத்துவிட்டு போலீசுக்குச் சொல்வதுதான் சரி. 2018 ஜூனில் ராமேஸ்வரம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வெளியே வந்தன. 1980களில் இலங்கைப் போராளிகள் புதைத்தவை என்று சொல்லப்பட்டது. முப்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்ததால் செத்துப் போயிருக்கும் என்று யாரும் விட்டுவிடவில்லை, வெடிகுண்டு நிபுணர்களைத்தான் வரவழைத்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம்ம பக்கம் நடந்த பெரிய சண்டைகளில் பல 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1750ல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760 ஜனவரி 22ல் வந்தவாசியில் அயர் கூட்டின் படை லாலியின் படையைத் தோற்கடித்தது. 1761ல் செஞ்சி ஆங்கிலேயரிடம் வந்தது. இந்தச் சண்டைகள் எதிலும் பித்தளைத் தோட்டா கிடையாது. ஏன்னா அது அப்போ உலகத்திலேயே இல்லை! மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்திருப்பார்கள். சிப்பாய் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, குழாய் வாய் வழியாகக் கொட்டி இடிப்பான். காகிதம் மக்கிப் போச்சு, மிஞ்சியது ஈயக் குண்டு மட்டும். அதனால் செஞ்சிப் பக்கம் கிடைத்த பித்தளைக் கூட்டைக் காட்டி "லாலி காலத்துத் தோட்டா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஈயக் குண்டு கிடைத்தால் எடை போட்டுப் பாருங்கள், நகைக்கடைத் தராசு போதும். ஆங்கிலேயரின் பிரௌன் பெஸ் துப்பாக்கிக் குண்டு சுமார் 17.5 மி.மீ. விட்டம், 31 கிராம் எடை. பிரெஞ்சு மஸ்கட் குண்டு 16.5 மி.மீ.க்குப் பக்கத்தில், 26, 27 கிராம் இருக்கும். நாலைந்து கிராம் வித்தியாசத்தில் எந்தப் பக்கத்துக் குண்டு என்று ஓரளவு சொல்லிடலாம். 'ஓரளவு' என்கிறேன், ஏன்னா பிடிபட்ட துப்பாக்கிகளை இரு தரப்பும் பயன்படுத்தின, சிப்பாய்கள் கையில் பலவிதத் துப்பாக்கிகள் இருந்தன. பழைய ஈயத்தின் மேல் வெண்சாம்பல் நிறப் படலம் இருக்கும். சப்பிப் போயிருந்தால் எதிலோ பட்டிருக்கிறது, உருண்டையாகவே இருந்தால் சுடாமல் கீழே விழுந்ததாக இருக்கலாம். ரொம்பச் சின்னதாக இருந்தால் நாட்டுத் துப்பாக்கி ரவையாகவும் இருக்கும். அது நேற்றையதாகக்கூட இருக்கலாம்.

பித்தளைக் கூடு என்றால் 1860களுக்குப் பிறகுதான். 1866ல் வந்த ஸ்னைடர் தோட்டாவின் உடல் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது, வார்த்தெடுத்தது போல் இருக்காது. அதற்குப் பின் 1871ல் மார்ட்டினி ஹென்றி வந்தது. அடுத்து வந்ததுதான் நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த 'த்ரீ நாட் த்ரீ'. ராணுவம் கைவிட்ட பிறகும் போலீஸ் கையில் அது பல பத்தாண்டுகள் இருந்தது. அதனால் 303 கூடு கிடைத்தாலே வெள்ளைக்காரன் காலம் என்று முடிவு கட்ட முடியாது.

அளவுகோல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டின் நீளம் 56 மி.மீ., அடியில் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது 303. 51 மி.மீ. நீளமும் துருத்தாத விளிம்பும் இருந்தால் எஸ்.எல்.ஆர். ரகம், அதாவது 1960களுக்குப் பிறகு. 45 மி.மீ. என்றால் இன்சாஸ், 39 என்றால் ஏ.கே. ரகம், 19 என்றால் பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டல் அல்லது கார்பைன். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் இருக்கிறதே, அந்த மாதிரி இடங்களில் 99 மி.மீ. நீளக் கூடு கிடைத்தால் விமான எந்திரத் துப்பாக்கியாக இருக்கலாம். அதைவிடப் பெரியது எதுவானாலும் தொடவே தொடாதீர்கள், குண்டுக்குள்ளேயே வெடிமருந்து இருக்கக்கூடும்.

அடுத்தது அடிப்பகுதி எழுத்து. நடுவில் அம்புக்குறி, இரு புறமும் 'கே', 'எஃப்' இருந்தால் புனே அருகே கிர்க்கி தொழிற்சாலை. 'டி', 'எஃப்' என்றால் கல்கத்தா அருகே டம்டம். 'ஆர்', 'எல்' என்றால் இங்கிலாந்தின் உல்விச். 'ஓ', 'எஃப்', 'வி' என்றால் சுதந்திரத்துக்குப் பிந்தைய வரன்காவ். பக்கத்தில் இரண்டு இலக்கம் இருந்தால் அது வருஷம், 43 என்றால் 1943. காலிக் கூட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் இந்த எழுத்துதான் முதலில் போகும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாலே படிக்கலாம்.

கடைசியாகச் சட்டம். செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். மற்ற இடங்களில் மண்ணுக்குள் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டம் 'தோட்டா' என்பதற்குள் அதன் பாகங்களையும் சேர்க்கிறது. எனவே காலிக் கூடுதானே என்று சேர்த்து வைப்பதும் சிக்கல்தான்.

நடைமுறையில் பெரும்பாலானவை போய்ச் சேர்வது பழைய இரும்புக்கடைக்கு. பித்தளைக்குக் கிலோ விலை கிடைக்கும், அந்த வயலில் என்ன நடந்தது என்பதற்கான ஒரே சாட்சி உருகிப் போய்விடும். அதனால் கிடைத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அளவுகோல் வைத்து போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். எந்த வயலில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தெரியாத குண்டு வெறும் ஈயம்தான்.