குப்பியை எத்தனை மணிக்குத் திறந்தார்கள்?

புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடுகிறார்கள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வருகிற பெற்றோரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: “மருந்தை எத்தனை மணிக்குக் கலந்தாங்க?” இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. “அதெல்லாம் நர்ஸம்மா பார்த்துக்குவாங்க” என்கிறார்கள். பால் திரிந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துக் காய்ச்சுகிற வீட்டார்தான் இவர்கள்.

தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி. பொடியாக வரும் மருந்தை அதற்கென்றே உள்ள கரைப்பு நீரில் கலந்து போட வேண்டும். கலந்த மருந்தில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது. கலந்த நேரத்திலிருந்து 4 மணி நேரம்தான் அதன் ஆயுள். அதுவும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்தால் மட்டும். காலை ஒன்பதுக்குத் திறந்த குப்பியை மதியம் இரண்டுக்கு வருகிற குழந்தைக்குப் போட்டால், உள்ளே விழுந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா அதற்குள் பெருகி நஞ்சைக் கக்கியிருக்கலாம். சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று குழந்தை துவண்டுவிடும்.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில் கரைப்பு நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தன. 2017இல் தெற்கு சூடானில் ஒரே சிரிஞ்சை நான்கு நாள் பயன்படுத்தினார்கள், மருந்தைக் குளிரிலும் வைக்கவில்லை. அங்கும் 15 குழந்தைகள். 2018இல் சமோவா தீவில், சிரியாவில் நடந்த அதே கலவைத் தவறால் இரண்டு குழந்தைகள் இறக்க, பயந்துபோன மக்கள் ஊசியையே ஒதுக்கினார்கள். மறு ஆண்டு அங்கே பரவிய தட்டம்மை 83 உயிர்களைக் கொண்டுபோனது, பெரும்பாலும் சிறு குழந்தைகள். 2008 ஏப்ரலில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

ஆகவே ஊசி போடுமுன் கேளுங்கள். கலந்த தேதியும் நேரமும் குப்பியின் மேல் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. எழுதவில்லையென்றால் புதுக் குப்பி திறக்கச் சொல்லுங்கள். கரைப்பு நீர் அதே கம்பெனியினுடையதா, சிரிஞ்சின் உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஐந்து அல்லது பத்துக் குழந்தைகளுக்கான குப்பியை ஒரே குழந்தைக்காகத் திறந்தால் மருந்து வீணாகும்தான். வீணான மருந்துக்குக் கணக்குக் கேட்டுக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கடிந்துகொள்ளும் அதிகாரிகளால்தான் மீதமிருப்பதை மதியம் வரை ஓட்டும் எண்ணம் அவர்களுக்கு வருகிறது. வீணாவது சில ரூபாய் மருந்து. அதிகாரிகளே, அதற்காக ஒரு செவிலியரைப் பயமுறுத்தாதீர்கள்.

இனிப் பெற்றோர் மறைக்கும் சங்கதி. குழந்தைக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறதா? நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோமுக்காக இரண்டு வாரமோ அதற்கு மேலோ அதிக அளவில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தீர்களா? அண்மையில் ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றினார்களா? உயிருள்ள கிருமி என்பதால் இவற்றைச் சொல்லாமல் கையை நீட்டக் கூடாது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் எப்போது போடலாம் என்று எழுதி வாங்கி வாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கூடாது; போட்டுக்கொண்ட பெண்கள் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

சாதாரணச் சளிக்கும் லேசான காய்ச்சலுக்கும் மட்டும் குழந்தையைத் திருப்பிக் கூட்டிப்போகிறார்கள், அது வேண்டாம். முட்டை ஒவ்வாமையும் தடையல்ல. எடை குறைந்த குழந்தைக்கு ஊசி இன்னும் அவசியம், தட்டம்மை அதைத்தான் முதலில் சாய்க்கும்.

போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். “பஸ் போயிடும்” என்று கிளம்பாதீர்கள். கடும் ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் ஊசி அந்த அறையில்தான் இருக்கும், பஸ்ஸில் இருக்காது. ஐந்து முதல் பன்னிரண்டு நாளுக்குள் லேசான காய்ச்சலோ தடிப்போ வந்தால் அஞ்ச வேண்டாம். ஊசி போட்ட அன்றே வாந்தி, பேதி, மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். 108ஐ அழையுங்கள்.

குழந்தை தேறினாலும், கைவிட்டுப் போனாலும், நம் மக்கள் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில். திறந்த குப்பிகளை 48 மணி நேரமோ அடுத்த தடுப்பூசி நாள் வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் வைத்திருப்பார்கள். அதற்குள் புகார் போகாவிட்டால் சோதித்துப் பார்க்கக் குப்பியே இருக்காது. அதனால் அன்றே, மருத்துவமனையில் இருந்தபடியே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். ஊசி போட்ட இடம், நாள், நேரம், அட்டையில் உள்ள ஊசிகளின் பெயர், குப்பியின் பேட்ச் எண், முதல் அறிகுறி தோன்றிய நேரம், இவ்வளவும் அதில் இருக்கட்டும். நகலில் முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகல் மாவட்ட சுகாதார அலுவலருக்கு. பழைய ஆட்கள் துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள் என்பார்கள். “தடுப்பூசிக்குப் பிந்தைய பாதக விளைவாகப் பதிந்து விசாரிக்கவும்” என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத மனு சாதாரணக் காய்ச்சல் கேஸாக முடிந்துவிடும். தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தாலும் அவர்கள் தகவல் தர வேண்டும். தராவிட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே சொல்லலாம்.

குழந்தை இறந்துவிட்டால், சொல்லவே நா எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பிரேதப் பரிசோதனைக்கு மறுக்காதீர்கள். அன்றே அடக்கம் செய்துவிட்டுப் பிறகு நியாயம் கேட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை.

விசாரணை முடிவை யாரும் வீட்டுக்கு வந்து தரமாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம் விசாரணை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

தட்டம்மை-ரூபெல்லாவின் முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். விட்டுப்போயிருந்தால் ஐந்து வயது வரை அரசு நிலையங்களிலேயே போடுகிறார்கள். வருகிற புதன்கிழமை தாய் சேய் நல அட்டையோடு போங்கள். குப்பியில் எழுதிய நேரத்தைக் கேட்டுவிட்டு, குழந்தையின் வலது கையை நீட்டுங்கள்.