செட்டு சேர்ந்த சொல்

ஆங்கில அகராதி தொகுத்தவர்களுக்கு ‘செட்’ அளவுக்கு வேலை வைத்த சொற்கள் குறைவு. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதற்குத்தான். வினையாக மட்டும் 430 பொருள்கள்; விளக்கம் சுமார் 60,000 சொற்கள். பிற்பாடு நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ 645 பொருள்களோடு இதை முந்திவிட்டது. ‘செட்’ இப்படிப் பெருத்ததற்கு ஒரு காரணம், அதற்குள் இரண்டு சொற்கள் இருப்பது. உட்கார வைத்தல், ஓரிடத்தில் நிறுத்துதல் என்று பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய வினை ஒன்று. ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்த லத்தீன் ‘செக்டா’, பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்த பெயர்ச்சொல் இன்னொன்று. ஒலி ஒன்றாகிப்போக, பொருளும் கலந்துவிட்டது.

சென்னைப் பேச்சு இத்தனை பொருள்களில் தனக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டது. அதிகம் பிடித்துப்போனது கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்.

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் நவராத்திரிக்கு முன் விரியும் கொலு பொம்மைக் கடைகளில் அதன் இலக்கணம் தெளிவாகத் தெரியும். தசாவதார செட்டில் பத்து, அஷ்டலட்சுமி செட்டில் எட்டு, ஆழ்வார் செட்டில் பன்னிரண்டு. புராணக் கணக்கு இல்லாத கல்யாண செட், வளைகாப்பு செட், கிரிக்கெட் செட் என்பவற்றில் எத்தனை பொம்மை என்பது செய்கிறவர் முடிவு. எண்ணிக்கை எதுவானாலும் விதி ஒன்றுதான்: செட்டைப் பிரிக்கக் கூடாது. வீட்டில் வாமனர் உடைந்துவிட்டால் வாமனரை மட்டும் கேட்டு வாங்குவது எளிதல்ல. கடைக்காரர் மீதி ஒன்பதை என்ன செய்வார்?

அதே வீதியில் விற்கும் ‘டான்ஸ் செட்’டும் இந்த வகைதான். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் என்று தலை முதல் இடுப்பு வரை எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ருக்மிணி தேவி 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடியதும், 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கியதும், பரதம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வர வழி செய்தன. அரங்கேற்றம் பெருகப் பெருக, இந்தப் பெட்டிக்கும் தேவை பெருகியது. தியாகராய நகர் உஸ்மான் சாலை நகைக் கடைகளில் செட் என்றால் பொருத்தமான நெக்லஸும் தோடும்; வளையலும் மோதிரமும் சேர்வது பணத்தைப் பொறுத்தது.

ஓட்டலில் செட் ஓர் அளவு. கர்நாடகத்திலிருந்து வந்த செட் தோசை அங்கே பெரும்பாலும் மூன்றாக வரும். சென்னையில் இரண்டே வைத்து, பக்கத்தில் வடகறி ஊற்றும் கடைகள் உண்டு.

கல்யாண வீட்டிலோ ஆட்களே செட். நாகஸ்வரம், தவில், சுருதி, தாளம் சேர்ந்தது மேள செட். மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு செட். பாட்டுப் போட மைக் செட். தாத்தாவின் பல் செட்டும் இதே குடும்பம்தான். ‘அவன் எங்க செட்டு’ என்றால் ஒன்றாகப் படித்தவன், ஒத்த வயதுக்காரன். லத்தீன் ‘செக்டா’வின் ஆதிப் பொருளுக்கு மிக அருகில் நிற்பது இந்த வழக்கு.

கருவிகளின் கதை வேறு. கிராமத்தில் ‘பம்புசெட்டுல குளிச்சோம்’ என்னும்போது மோட்டாரும் குழாயும் சேர்ந்து ஓர் இடமாகவே ஆகிவிடுகின்றன. ரேடியோ செட், டி.வி. செட் என்ற வழக்குகள் தேய்ந்துபோனாலும் ‘செட்டாப் பாக்ஸ்’ நிலைத்துவிட்டது. கட்டணச் சேனல்களுக்கு அந்தப் பெட்டி வேண்டும் என்ற ஏற்பாடு 2003 செப்டம்பர் 1 அன்று நாட்டிலேயே முதலில் நடைமுறைக்கு வந்த நகரம் சென்னை. டி.வி. செட்டின் தலைமேல் உட்காரும் பெட்டி என்பதால் அந்தப் பெயர். டி.வி. தட்டையாகிச் சுவரில் ஏறிய பிறகு பெட்டி கீழே வந்துவிட்டது, பெயர் மாறவில்லை.

‘நிறுத்துதல்’ என்ற மற்ற வேரிலிருந்து வந்தது சினிமா செட். அது போடப்படும், பிறகு பிரிக்கப்படும். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ எடுத்த ‘சந்திரலேகா’வின் (1948) முரசு நடனத்துக்குப் போட்டது இன்றும் பேசப்படுகிறது. ஸ்டுடியோ போய்விட்டது, பெயர் மட்டும் ஜெமினி பாலத்தில் இருக்கிறது.

மற்றபடி இந்த வேர் தமிழ் வினைகளின் துணையோடுதான் நடமாடுகிறது. செட்டுக்கு என்ன பொருள் என்பதைப் பின்னால் வரும் வினையே முடிவு செய்கிறது. ‘ஆகு’ வந்தால் பொருந்துதல்: ‘இந்தக் கலர் உனக்கு செட் ஆகல’, ‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’. கட்டட வேலையில் அதுவே இறுகுதல். சாதாரண சிமென்டு இறுகத் தொடங்க 30 நிமிடமாவது ஆக வேண்டும், 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ‘பண்ணு’ வந்தால் யாரோ முனைந்து செய்தது. அலாரம் செட் பண்ணுவதில் குற்றமில்லை. ‘ஆளை செட் பண்ணிட்டாங்க’ என்றால் பணமோ சிபாரிசோ உள்ளே புகுந்திருக்கிறது. ‘எல்லாம் செட்டப்பு’ என்பதில் சந்தேகம் இன்னும் வெளிப்படை. ‘சேர்’ வந்தால் மறுபடி கூட்டம்: ‘செட்டு சேர்ந்து சுத்துறானுங்க’.

வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் வாய்க்குப் பழக்கமில்லை. அதனால் உகரம் ஒட்டி ‘செட்டு’ ஆகிறது. அங்கே ஏற்கெனவே வேறொரு செட்டு இருக்கிறது: ‘கட்டும் செட்டுமாகக் குடித்தனம் செய்கிறாள்’ என்பதில் வரும் சிக்கனம். தியாகராய நகர் நகை செட்டுக்கும் இந்தச் செட்டுக்கும் ஒத்துப்போகாது என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் செட்டுக்கு இடமில்லை. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல் அதைக் ‘கணம்’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘தொடை’ என்கிறது. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் எந்த மொழிபெயர்ப்புக்கும் காத்திராமல் ‘நேர் செட்களில் வென்றார்’ என்றே எழுதிவருகிறது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான ‘செட்’ தேர்வு இந்தக் குடும்பத்திலேயே சேராது. மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயரிலுள்ள மூன்று முதலெழுத்துகளே அங்கே சொல்லாகிவிட்டன.