துறைக் காவலும் சுங்க மேற்பார்வையும்

திருக்கேதீச்சரத் திருக்கோயிலை வழிபடச் செல்லும் அன்பர் பலர், தாம் மிதிக்கும் நிலம் ஒரு காலத்திற் பெருந்துறைமுகப் பட்டினமாக விளங்கியது என்பதை நினைப்பதில்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிப் பரவிய பாலாவிக் கரை, மாதோட்டம் என்றும் மாந்தை என்றும் பெயர் பெற்ற துறையைச் சார்ந்தது. அருவியாற்று வழியால் அநுராதபுரத்தோடு தொடர்புற்றிருந்த இவ்விடத்தில், 1980ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் நிகழ்ந்த அகழ்வுகளிற் சீன நாட்டு மட்கலங்களும் மேற்காசிய நாட்டு மட்கலங்களும் வெளிப்பட்டன. பல தேயத்துக் கலங்கள் வந்தணையும் துறையில், வருவோரை ஆராயவும் பண்டத்துக்கு இறை பெறவும் ஓர் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கை மேற்பார்வை செய்வோரின் கடமை யாது என்பதை விளக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கம் என்பதும் உல்கு என்பதும் 'சுல்கம்' என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. திருக்குறளிற் பொருள்செயல்வகை என்னும் அதிகாரம் உல்கினை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைத்தெண்ணுகிறது. கலத்தாலும் வண்டியாலும் வரும் பண்டங்களுக்கு இறுக்கும் இறையே அது என்பது பரிமேலழகர் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதிப் பண்டங்களுக்கும் இறக்குமதிப் பண்டங்களுக்கும் புலி இலச்சினை பொறிக்கப்பட்டமையைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். இலச்சினை பொறித்த மூடை சோதிக்கப்பட்ட மூடையாகும். இன்று நம் பெட்டிமீது அதிகாரி இடும் அடையாளத்தின் முன்னோர் அப்புலியே எனலாம்.

இறை பெறுதல் துறைக் காவலின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதியை நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு உணர்த்துகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம், ஊறாத்துறையில் வந்திறங்கும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும் என்று விதிக்கிறது. யானை, குதிரை கொண்டுவருங் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கே பண்டாரத்துக்கு உரியது. மற்றை மூன்று பங்கும் உடையவனுக்கு உரியவை. வாணிகச் சரக்குக் கலமாயின் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் உரியன. கலமுடைந்து கரையேறியவனிடம் எவ்வளவு கொள்ளலாம் என்பதற்கும் எல்லை வகுத்த சாசனம் இது. அதிகாரியின் கையைக் கட்டும் விதியும் சுங்க விதியே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மாந்தை மறைந்தபின் இக்கரையின் வாயிலாகத் தலைமன்னார் அமைந்தது. 1914ஆம் ஆண்டில் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கி, இரு கரைப் புகையிரதங்களையும் இணைத்தது. தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் இந்தியக் கரையிலேயே, இலங்கை அரசாங்கம் நடாத்திய மண்டபம் முகாமில் நோய்த்தடைக்காகத் தங்கவைக்கப்பட்டனர். இவ்வாறு ஒரு துறையிற் சோதனை மூவகைப்படும். வைத்தியர் உடலை நோக்குவர்; குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டை நோக்குவர்; சுங்க அதிகாரி பண்டத்தை நோக்குவர். ஒருவர் பணியில் மற்றவர் புகாமலும், மூன்றுக்குமிடையில் எதுவும் நழுவாமலும் ஒழுங்குசெய்தல் மேற்பார்வையாளரின் முதற்கடமை.

இரண்டாவது கடமை, சோதனையிடுவோரையே சோதித்தலாகும். பண்டத்தை மதிப்பிடுபவர் ஒருவராகவும் பணம் பெறுபவர் மற்றொருவராகவும் இருத்தல் நன்று. கைப்பற்றிய பொருள் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். இலங்கைச் சுங்கச் சட்டத்தில், பெறப்படுந் தண்டப்பணத்தில் ஒரு பகுதியை அதிகாரிகளுக்கும் தகவல் தந்தோருக்கும் சன்மானமாக வழங்கும் முறை உண்டு. இதனாற் கள்ளக்கடத்தல் வெளிப்படுவது உண்மையே. ஆயினும் தண்டத்தாற் பயன் பெறுபவரே குற்றத்தையும் தீர்மானிப்பாராயின் நீதி தளரும். எனவே, பிடித்தவர் வேறு, விசாரிப்பவர் வேறு என்னும் வரம்பை மேலதிகாரி விழிப்புடன் காத்தல் வேண்டும்.

மூன்றாவது கடமை பலரும் அறியாதது. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம், உடற்சோதனைக்கு உட்படவிருக்கும் ஒருவர், தம்மை முதலில் நீதவான் முன்போ சுங்க மேலதிகாரி முன்போ கொண்டுசெல்லுமாறு கேட்க இடமளிக்கிறது. ஐயத்துக்கு நியாயமான காரணம் உண்டா என அவர் தீர்மானிப்பார். இல்லையெனில் அப்பயணி விடுவிக்கப்படல் வேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதிக்கலாம் என்பதும் அச்சட்டத்தின் விதி. பயணியின் மானம் அவ்வேளையில் மேலதிகாரியின் நிதானத்தையே நம்பி நிற்கிறது.

இதன் அருமையைத் தலைமன்னார் இறங்குதுறை நன்கு காட்டும். 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்தனர். அவ்வாண்டு டிசம்பரிற் புயல் தனுக்கோடியை அழித்தமையால், பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது. மலைநாட்டிற் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பல அவ்வழியாகவே கடல் கடந்தன. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உடைமையின் உச்ச வரம்பு 4,000 ரூபாவிற் குறைக்கப்படலாகாது என அவ்வொப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனால், தாளில் எழுதிய உரிமை இறங்குதுறையிற் பெட்டி திறக்கும்போதே பயன்பட வேண்டும். தமக்குரிய விதியை வாசித்தறியாத தாய் ஒருத்தி, மகளின் தோட்டையும் சேமலாப நிதிப் பணத்தையும் முன்வைத்து நிற்கும்போது, அவ்விதியை அவளுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு மேற்பார்வையாளருடையது. தண்டனைக்குரிய விதியை மாத்திரம் அறிவித்து, பாதுகாப்புக்குரிய விதியை மறைத்தல் கடமையில் வழுவுதலேயாம்.

1984ஆம் ஆண்டளவில் அக்கப்பற் சேவை நின்றது. இன்று மன்னார்க் கடலிற் காவல், பயணிகளை அன்றிப் படகுகளையே பெரிதும் நோக்குகிறது. தடைசெய்யப்படுபவை யாவும் நஞ்சு என எண்ணற்க. 2020ஆம் ஆண்டளவில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விலை ஏற, நம் அடுக்களை மஞ்சளே கள்ளக்கடத்தற் பொருளாயிற்று. அப்போது கடலிற் பிடிபட்டவன் பெரும்பாலும் கூலிக்குப் படகோட்டியவன். முதல் போட்டவன் கரையில் இருந்தான். படகோட்டியைப் பிடிப்பதோடு நில்லாது முதலாளியைத் தேடிச் செல்வதே நிறைவான விசாரணை.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியது. துறைகள் திறக்குந்தோறும் அங்கே கடமை ஏற்போருள் நம் கல்லூரி மாணவரும் இருப்பர். அவர்கள் சட்டத்தைக் கற்பதோடு, அது பயணிக்கு அளித்துள்ள காப்பையுஞ் சேர்த்துக் கற்பாராக. அரசிறை குறையாமலும் வந்தவர் மானம் குறையாமலும் காக்கப்படும் துறையே நல்ல துறை.