உங்களுக்குத் தெரியுமா? 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்த ஹார்ன்

பிரெஞ்சு ஹார்னின் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 அடி வரும். அதன் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். வாசிப்பவர் வலக்கையை அதற்குள் நுழைத்தபடியே ஊதுவார். மேல் ஸ்தாயியில் சுரங்கள் மிக நெருங்கி நிற்பதால், உதடு சற்றே பிசகினாலும் பக்கத்துச் சுரம் வந்து விழும். எழுதிவைத்ததை வாசிக்கவே தயக்கம் தரும் கருவி. இதில் மனோதர்மமா என்று ஜாஸ் கலைஞர்கள் பலரும் இதைத் தொடவில்லை.

டெட்ராய்டில் 1921இல் பிறந்த ஜூலியஸ் வாட்கின்ஸ் தொட்டார். 1953 நவம்பர் 13 அன்று பியானோ மேதை தெலோனியஸ் மங்கின் ஒலிப்பதிவு. வரவேண்டிய டிரம்பெட் கலைஞர் ரே கோப்லாண்டுக்குக் காய்ச்சல். பதிலுக்கு வாட்கின்ஸ் ஹார்னோடு வந்தார். சாக்ஸபோனில் சன்னி ரோலின்ஸ். அன்று வெள்ளிக்கிழமை. மேலைநாட்டார் அபசகுனமாக நினைக்கும் அந்த நாளின் பெயரையே ஒரு உருப்படிக்கு வைத்து, குட்டி மெட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் ஆளுக்கு ஆள் கற்பனையை விரித்தார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே, சுவாமிமலைக் கோணேசர் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவருக்கு இது புதிதல்ல. ஜாஸில் கோர்டுகளின், அதாவது சுரக்கூட்டுகளின், சுழற்சி. நாதஸ்வரத்தில் ராகமும் தாளமும். வாசிப்பவர் அந்தக் கணத்தில் இயற்றுவது இரண்டுக்கும் பொது.

1960 டிசம்பரில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் அந்தக் கோர்டுச் சுழற்சியையும் தளர்த்தி, எட்டுப் பேரைச் சுமார் 37 நிமிடம் சேர்ந்து வாசிக்கவிட்டார். அந்த எட்டில் ஹார்ன் இல்லை! வாட்கின்ஸோ 1961இல் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேனின் ‘ஆப்பிரிக்கா/பிராஸ்’ இசைத்தட்டில் ஊதிக்கொண்டிருந்தார்.