தொலைக்காட்சியில் ஒரு தருமம்

தருமத்தை மறைவாகச் செய்வதே மேல் என்பர் பெரியோர். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்ற வாக்கும் நம்மிடையே வழங்குகின்றது. அவ்வாறிருக்க, விளக்கொளியும் வாத்திய முழக்கமும் சூழ, சேர்ந்த தொகையை நிமிடத்துக்கு நிமிடம் பலகையிற் காட்டி, கோடிக்கணக்கானோர் பார்த்திருக்க நிதி திரட்டும் முறையொன்று முக்கால் நூற்றாண்டாக உலகில் நிலைத்து நிற்கின்றது. அதன் கவர்ச்சி இன்னும் குன்றாதிருப்பது எதனால்?

அமெரிக்க நகைச்சுவை நடிகர் மில்ற்றன் பேர்ள் 1949இல் புற்றுநோய் நிதிக்காகப் பதினாறு மணி நேரம் தொலைக்காட்சியில் தோன்றினார். இத்தகைய நெடுநேர நிகழ்ச்சிகளுக்கு அதுவே முன்னோடி எனலாம். ஜெரி லூயிஸ் என்ற மற்றொரு நடிகர் 1966 முதல் 2010 வரை, தொழிலாளர் தின விடுமுறைதோறும் தசைநலிவு நோயாளருக்காக இதையே செய்துவந்தார். பிரித்தானியாவில் பி.பி.சி. 1927ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று சிறுவர்களுக்காக ஐந்து நிமிட வானொலி வேண்டுகோளொன்றை விடுத்தது. அதற்குச் சேர்ந்தது ஆயிரத்துச் சொச்சம் பவுண். 1980இல் அம்முயற்சி நீண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சியாக வளர்ந்தது. அன்று முதல் இன்றுவரை சேர்ந்த தொகையோ நூறு கோடி பவுணுக்கும் அதிகம்.

இவை தூர தேசத்துச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடியது. பதினைந்து நாட்கள் கழித்து, 2005 ஜனவரி 10ஆம் திகதி, மெல்பேர்ண் மைதானத்தில் உலக அணியும் ஆசிய அணியும் நிவாரண நிதிக்காக மோதின. ஆசிய அணியில் முத்தையா முரளிதரன், சனத் ஜயசூரிய, குமார் சங்கக்கார, சமிந்த வாஸ் ஆகிய நம் நாட்டவர் நால்வரும் இடம்பெற்றனர். எழுபதினாயிரம் பேர் மைதானத்தில் திரண்டனர். எண்ணற்றோர் தத்தம் வீடுகளில் தொலைக்காட்சியிற் பார்த்தனர். உலக அணி 112 ஓட்டங்களால் வென்றது. சேர்ந்த நிதி 1 கோடியே 40 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கும் மேல்.

இச்செய்தியை வகுப்பிற் சொன்னபோது மாணவனொருவன் எழுந்து, "சேர், அவர்கள் ஆட்டம் பார்க்கத்தானே காசு கொடுத்தார்கள்? அது எப்படித் தருமமாகும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆயினும் மனித மனத்தின் இயல்பை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துன்பச் செய்தி கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு உருகுகின்றது. ஆனால் "நாளைக்குக் கொடுப்போம்" என்று கை தயங்குகின்றது. குறித்த நேரத்துள் முடிந்துவிடும் நிகழ்ச்சி அந்த நாளையை இன்றாக்கிவிடுகின்றது. "என் பத்து ரூபா எம்மாத்திரம்?" என்று கூசுபவனுக்கு, தன் துளியும் வெள்ளத்திற் சேர்வதைப் பலகையின் எண் காட்டுகின்றது. தான் தனியனல்லன், பல்லாயிரவரில் ஒருவன் என்ற நிறைவும் அவனுக்குக் கிட்டுகின்றது.

இவ்வுண்மையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் 1870களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார். சைவப் பாடசாலைக்கு வீடுதோறும் பிடியரிசி சேர்க்கப்பட்டதும் நாம் அறிந்ததே. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்த இல்லத்தரசிக்கு அது பாரமாகத் தோன்றவில்லை. ஊர் முழுவதும் சேர்ந்தபோது அதுவே பள்ளிக்கூடமாயிற்று.

அண்மைக் காலத்து உதாரணமும் உண்டு. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்னும் நண்பர் இருவர் முன்னின்று, தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்தனர். தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதே அவர்தம் நோக்கம். வழிநெடுகத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் உடன் நடந்தனர். 2016இல் அந்நடை வடக்கிலிருந்து தெற்கே திரும்பியது. அம்முறை நிதி காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்கு.

எனினும் இம்முறையில் ஒரு குறையும் உண்டு. பார்ப்போர் மனத்தை இளக்க வேண்டி, துன்பப்படுவோரைப் பரிதாபப் பொருளாகக் காட்டும் வழக்கம் பல நிகழ்ச்சிகளிற் புகுந்தது. 1990இலும் 1992இலும் இலண்டனில், உடற்குறையுடையோரே தொலைக்காட்சி நிலையத்தின் முன் திரண்டு, "எங்களுக்கு வேண்டுவது இரக்கமன்று, உரிமை" என்ற கருத்தை முன்வைத்து மறியல் செய்தனர். 1992க்குப் பின் அந்நிகழ்ச்சி நடைபெறவில்லை. ஈவோன் பெருமைக்காக ஏற்போன் தலைகுனிய நேரின், அந்தக் கொடையில் ஏதோ பிழை உண்டு என்பதை நாம் உணர்தல் நன்று.

ஆதலால், ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் மாலை வேளையிற் குடும்பமாகத் தொலைக்காட்சி முன் அமரும் நாம், இத்தகைய வேண்டுகோள் வரும்போது மூன்று கேள்விகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்போமாக. நிதியை ஏற்போர் யார்? உதவி பெறுவோர் தம் வாயாற் பேச இடமுண்டா? சேர்ந்த பணத்துக்குக் கணக்குக் காட்டப்படுமா? விடை திருப்தியாயின், பிள்ளையின் உண்டியலிலிருந்தும் ஒரு சிறு தொகை போகட்டும். சில மாதங்கள் கழித்து, அப்பணத்தால் நடந்தது என்னவென்று அப்பிள்ளையே தேடி அறிந்து வீட்டாருக்குச் சொல்லட்டும்.