மேலெழுதிய கோப்பு மீளுமா?

கல்யாண சீசனில் எந்த ஊர் டி.டி.பி. சென்டரிலும் நடக்கிற சங்கதி இது. போன மாதம் அடித்த பத்திரிகையின் ஃபைலைத் திறப்பார்கள். மணமக்கள் பெயர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் மாற்றுவார்கள். 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதுப் பெயரில் சேமிக்க வேண்டிய இடத்தில், விரல் பழக்கத்தில் வெறும் 'சேவ்' அழுத்திவிடும். பழைய பத்திரிகை அந்த நொடியோடு போயிற்று. பத்திரிகை என்றால் மறுபடி தட்டச்சு செய்துகொள்ளலாம். அதே பழக்கம் ஒரு மாணவியின் ஆய்வேட்டின் மேல் விழுந்தால்? பாதி எழுதிய நாவலின் மேல் விழுந்தால்?

கடைகளில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய விவரம் ஒன்றைப் பார்ப்பதற்காக டேலியில் பழைய பேக்கப்பை 'ரீஸ்டோர்' செய்வார்கள். அதே நிறுவனத்தின் கணக்கு அதே ஃபோல்டரில் இருந்தால், அதன் மேல் எழுதட்டுமா என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் 'யெஸ்' கொடுத்தால், மார்ச் மாதக் கணக்கு வந்து இன்றைய கணக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பாதுகாப்புக்கு எடுத்து வைத்த பிரதியே அசலைத் தின்றுவிடும்.

கோப்பை அழிப்பது வேறு, அதன் மேல் எழுதுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர் தவறான இடத்தில் தேடி நேரத்தை இழக்கிறார்கள். டெலீட் செய்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அதையும் காலி செய்துவிட்டால்கூட, சுழலும் ஹார்டு டிஸ்க்கில் உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. இன்ன பெயருள்ள கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு நீங்கும். அந்த இடம் காலி என்று பதிவாகும். வேறொன்று வந்து அங்கே எழுதப்படும் வரை பழைய எழுத்து அங்கேயேதான் கிடக்கும். ரெக்குவா, போட்டோரெக் போன்ற கருவிகள் துழாவி எடுப்பது அதைத்தான். மேலெழுதிய கோப்போ ரீசைக்கிள் பின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கணினியின் கணக்கில் எதுவும் தொலையவே இல்லை. சேமிக்கச் சொன்னீர்கள், சேமித்துவிட்டது.

மென்பொருள் எப்படிச் சேமிக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் நம்பிக்கைக்கு இடமுண்டு. எம்.எஸ். வேர்டு நேராகப் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதியதைத் தற்காலிகக் கோப்பாக எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றிக்கொள்கிறது. எனவே பழைய உள்ளடக்கம், அழித்த கோப்பைப் போல, வட்டில் சில காலம் கிடக்க வாய்ப்புண்டு. பழைய கோப்பு இருந்த அதே இடத்தில் எழுதும் மென்பொருள்களில் அந்த வாய்ப்பும் இல்லை.

இதில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் உலவுகிறது. மேலெழுதினாலும் அடியில் காந்தத் தடம் மிஞ்சும், வல்லுநர்கள் நுண்ணோக்கி வைத்துப் படித்துவிடுவார்கள் என்பார்கள். 1996-இல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த எண்ணத்தைப் பரப்பியது. அது அக்கால வட்டுகளைப் பற்றியது. இன்றைய அடர்த்தியான வட்டில், ஒரே ஒருமுறை மேலெழுதிய இடத்திலிருந்து ஒரு முழுக் கோப்பை மீட்பது நடைமுறையில் ஆகாத காரியம். எஸ்.எஸ்.டி. வந்த பிறகு நிலைமை இன்னும் கடுமை. தேவையற்ற இடங்கள் எவை என்று இயங்குதளமே 'டிரிம்' கட்டளை மூலம் வட்டுக்குச் சொல்லிவிடுகிறது. வட்டு அவற்றைத் தானாகத் துடைத்து வைக்கிறது. புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் மீட்புக் கருவிகளைப் பெரிதாக நம்ப வேண்டாம். எதையும் மீட்டுத் தருவோம் என்று விளம்பரம் செய்து முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆனாலும் அந்த முதல் சில நிமிடங்களில் செய்யக்கூடியவை உண்டு. தவறு நடந்தது தெரிந்ததும் ஃபைலை மூடாதீர்கள். சேமித்த பிறகும், மூடாதவரை, கண்ட்ரோல் இசட் வேர்டில் பின்னோக்கி நகரும். பழைய நிலைக்கு வந்ததும் வேறு பெயரில் சேமித்துக்கொள்ளலாம். மூடிவிட்டீர்கள் என்றால் அதே ஃபோல்டரைப் பாருங்கள். கோரல் டிரா சேமிக்கும்போதே 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் பெயரில் முந்தைய நிலையை வைத்திருக்கும். ஆட்டோகேட் பி.ஏ.கே. என்ற பின்னொட்டுடன் வைத்திருக்கும். டி.டி.பி. சென்டர்களிலும் கட்டட வரைபட அலுவலகங்களிலும் இந்தக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து மாதந்தோறும் அழிக்கிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

வேர்டிலும் இதே வசதி இருக்கிறது. நாம் போய் இயக்க வேண்டும். 'ஆப்ஷன்ஸ்' போய் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி' என்ற கட்டத்தைக் குறித்துவிட்டால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய நிலை தனிக் கோப்பாக நிற்கும். இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. ஃபைல் ஹிஸ்டரியையோ ரீஸ்டோர் பாயிண்டையோ முன்பே இயக்கி வைத்தவர்களுக்குத்தான் அதில் ஏதாவது இருக்கும். மேக் கணினியில் 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது. அதற்கும் தனி வட்டு ஒன்றை முன்பே இணைத்திருக்க வேண்டும்.

இவை எதிலும் கிடைக்கவில்லை என்றால், மீட்புக் கருவியைத் தேடுமுன் ஒன்றை யோசியுங்கள். அந்தக் கோப்பை யாருக்காவது அனுப்பினீர்களா? நெறியாளருக்குப் போன மின்னஞ்சல், அச்சகத்துக்குப் போன வாட்ஸ்அப், பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோன பென் டிரைவ் என்று எங்காவது ஒரு பழைய நிலை கிடக்கும். 'டாய் ஸ்டோரி 2' படம் பிழைத்ததே இப்படித்தான். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளை அந்தப் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது. பேக்கப்பும் சரியாக இயங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி அந்தக் கணினியை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. அசல் மாறும்போது கூடவே மாறும் பிரதி, மேலெழுதலிலிருந்து காப்பாற்றாது. "எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் முதலில் ஒத்திசைக்கும் கருவிகள். லேப்டாப்பில் கோப்பு கெட்டால், அந்தக் கெட்ட கோப்பை அவை விசுவாசமாக எல்லா இடத்துக்கும் அனுப்பி வைக்கும். ஒன்டிரைவில் உள்ள வேர்டு கோப்பை இணைய இணைப்போடு திறந்தால் நிலைமை இன்னும் மோசம். 'ஆட்டோசேவ்' ஓடிக்கொண்டிருப்பதால் நீங்கள் 'சேவ்' அழுத்தக்கூட வேண்டியதில்லை. பழையதைத் திருத்தத் தொடங்கிய கணமே அது மாறத் தொடங்கிவிடும்.

இந்தச் சேவைகள் உண்மையில் காப்பாற்றுவது பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியால்தான். கூகுள் டாக்ஸில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' திறந்தால் எழுத்து வளர்ந்த வரலாறே தெரியும். டிரைவில் ஏற்றிய மற்றக் கோப்புகளின் பழைய பதிப்புகளைக் கூகுள் 30 நாள் வரை, அல்லது 100 பதிப்புகள் வரை வைத்திருக்கும். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும் 30 நாள்தான். அதாவது, தவறு நடந்ததை ஒரு மாதத்துக்குள் நீங்கள் கவனித்தாக வேண்டும். தினமும் திறக்கும் கோப்பில் அது நடக்கும். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை ஆறு மாதம் கழித்துத் திறக்கும் மாணவிக்கு, அந்தக் கதவு எப்போதோ மூடியிருக்கும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள சூப்பர் கணினியின் பேக்கப் நிரல், பழைய பதிவுக் கோப்புகளை அவ்வப்போது அழித்து இடம் மிச்சப்படுத்தும். அந்த நிரலைத் திருத்தி எழுதிய பொறியாளர்கள், பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன் மேல் எழுதிவிட்டார்கள். ஓடுகிற நிரலோ வரிகளைப் படித்துக்கொண்டே போகும் வகை. பாதி வழியில் அதற்குக் கிடைத்தது புது நிரலின் வரிகள். எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்ற தகவல் அதில் காலியாக இருந்தது. பதிவுக் கோப்புகளுக்குப் பதிலாக ஆய்வாளர்களின் கோப்புகளை அது அழிக்கத் தொடங்கியது. டிசம்பர் 14 முதல் 16 வரை சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 77 டெராபைட், 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு போயிற்று. அவற்றில் 4 குழுக்களின் தரவுகளைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. சாதனத்தை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. அசலைப் பிரதிபலிக்கும் பேக்கப்போடு நிற்காமல், மாற்றங்களைப் படிப்படியாகச் சேர்த்து வைக்கும் பேக்கப்பும் இனி வேண்டும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

இடமும் முக்கியம். தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் 2025 செப்டம்பர் 26-இல் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் அதில் எரிந்தது. 858 டெராபைட்டுக்கு வெளியிடத்தில் பிரதி இல்லை. அளவு பெரிது என்பதால் பேக்கப் எடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அளவு பெரிது என்றால் இழப்பும் பெரிது.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 கணக்கு இன்றும் போதுமானது. கோப்புக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றில் 1 வேறிடத்தில். ஒரு வீட்டுக்கு இதன் பொருள்: லேப்டாப்பில் அசல், வாரம் ஒருமுறை மட்டும் செருகி, நகல் எடுத்ததும் கழற்றி வைக்கும் வெளி ஹார்டு டிஸ்க், பழைய பதிப்புகளை வைத்திருக்கும் கிளவுட் கணக்கு. கழற்றி வைப்பது அவசியம். செருகியே கிடக்கும் வட்டை ரான்சம்வேர் வைரஸும் பூட்டிவிடும். வட்டில் நகல் எடுக்கும்போது போன வாரத்து ஃபோல்டரின் மேல் ஒட்டாமல், தேதி போட்ட புது ஃபோல்டரில் போடுங்கள். எழுத்துக் கோப்புகள் சிறியவை. பல வருட நகல்களும் ஒரு மூலைக்குள் அடங்கும்.

பேக்கப் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளை கொடுத்தார். நொடிகளில் நிறுத்தியும் 300 ஜி.பி. தரவுத்தளத்தில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தினசரி பேக்கப், பதிப்பு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல். அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் திரும்பவில்லை. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. பழியைப் பொறியாளர் மேல் போடாமல் தன் நடைமுறையைத் திருத்தியது.

நம் கல்லூரிகளும் அலுவலகங்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கோப்பு போய்விட்டது என்று ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தால், ஜாக்கிரதையாக இருந்திருக்கலாமே என்று கேட்பதில் யாருக்கும் பயனில்லை. ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் பழைய பதிப்புகளைக் குறைந்தது பட்டம் பெறும் நாள் வரை வைத்திருக்கும் சேமிப்பிடம் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. பதிவு செய்யும் நாளிலேயே, நூலக அட்டையோடு அதையும் கொடுங்கள். நெறியாளர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும், "இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள்: உங்கள் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை வேறொரு ஃபோல்டரில் இறக்கி, திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பாருங்கள்.