மரத்தடிக் கணக்கும் மனிதர் மேல் சந்தேகமும்

ரங்கத்தில் மரமும் இரும்புச் சாமானும் விற்றுக் காலம் தள்ளியவன் நான். காலேஜ் வாசல் மிதித்ததில்லை. பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைப் புரட்டித்தான் கணக்குக் கற்றேன். அதில் வரும் ‘வகையீடு’ என்ற பாடம் நம் வியாபாரத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை இங்கே எழுத ஆசை.

படாக் மரத்தடியை எப்படி அளக்கிறோம்? நடுவில் சுற்றளவு எடுத்து நாலாக வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. இங்கிலாந்தில் எட்வர்ட் ஹோப்பஸ் 1736-இல் வெளியிட்ட அட்டவணையின் வழி வந்த முறை இது. உருண்டைத் தடியின் உண்மைக் கனத்தில் நூற்றுக்கு 78.5 பங்குதான் இதில் வரும். அது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வழக்கம்; பிழையன்று. பிழை என்பது டேப் பிடிக்கும் கையில் வருவது.

சுற்றளவு 6 அடி, நீளம் 20 அடி என்று வையுங்கள். நாலில் ஒரு பங்கு 1.5, அதன் வர்க்கம் 2.25, கனம் 45 கன அடி. இப்போது டேப் கொஞ்சம் பிசகினால்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அசைத்துப் பாருங்கள். இதுதான் ‘பகுதி வகைக்கெழு’. நீளத்தை அப்படியே வைத்துச் சுற்றளவில் ஓர் அங்குலம் கூட்டினால் சுமார் 1.25 கன அடி ஏறும். சுற்றளவை அப்படியே வைத்து நீளத்தில் ஓர் அங்குலம் கூட்டினால் 0.19 தான் ஏறும். சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால், அதன் சதவீதப் பிழையும் இரட்டிப்பாகக் கனத்தில் சேரும். தடி நீளமாகவும் இருப்பதால், அங்குலத்துக்கு அங்குலம் பார்த்தால் சுற்றளவுப் பிழை ஏழு மடங்கு கனக்கிறது.

சுற்றளவில் அரை அங்குலமும் நீளத்தில் ஓர் அங்குலமும் பிசகலாம் என்றால், இரண்டையும் கூட்ட 0.62 + 0.19 = 0.81 கன அடி. முழுசாகத் திரும்பப் பெருக்கிப் பார்த்தாலும் 0.82 தான். சின்னப் பிசகுக்கு இந்தக் குறுக்கு வழி போதும். பெரிய பிசகுக்கு ஆகாது.

1990-களில் இதே போன்ற ஒரு தடி. வாங்கின இடத்துச் சீட்டில் 45; என் கடையில் அளந்தால் 44.3. அளந்து கொடுத்தவரை நாலு பேர் முன்னால் “கள்ளக் கணக்கு” என்று சொல்லிவிட்டேன். அதன்பின் அவர் என் கடைப் படி ஏறவில்லை. வித்தியாசம் 0.7 தான், யாரும் ஏமாற்றாமலே வரக்கூடியது என்று பல வருஷம் கழித்து மகளின் புத்தகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. அதற்குள் அவர் ஊரை விட்டே போய்விட்டார்.

2002-இல் உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் இத்தீவுகளில் மரம் வெட்டுவது வெகுவாகக் குறைந்தது. கிடைக்கும் ஒவ்வொரு கன அடிக்கும் மதிப்பு ஏறியது. சண்டைக்கும் இடம் கூடியது.

குறைத்தும் கூட்டியும் அளப்பது கள்ளாமை விரதத்துக்குக் குற்றம் என்று எங்கள் பெரியோர் சொல்வார்கள். அளவைக் காரணமில்லாமல் சந்தேகிப்பதும் குற்றந்தான் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளே, இந்தப் பாடத்தை மார்க்குக்காக மட்டும் படிக்காதீர்கள். கை தவறியதா, மனம் தவறியதா என்று யோசிக்க வைக்கும் கணக்கு இது.